எந்த லாவரக்?

ஹெதர்கில் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு லாவரக்கின் மேல்தான் விழ வேண்டும். மேட்டின் உச்சியில் லாவரக் லாட்ஜ். அதற்குக் கீழே லாவரக் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடை. தேவாலயத்தை ஒட்டி லாவரக் தேநீர்க் கடை. அதற்கு நேர் எதிரே, பங்காளிச் சண்டையில் பிறந்த அசல் லாவரக் தேநீர்க் கடை. லாவரக் காட்டேஜ் என்ற பேரில் இரண்டு வீடுகள், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. முதியோர் இல்லம் லாவரக் கோர்ட். நாய்க்கு முடிவெட்டும் கடைக்கும் அதே பேர்தான். கனடாவில் ஓர் ஏரிக்கும், ஆஸ்திரேலியாவில் ஒரு கடற்கரைக்கும், வானத்தில் சுற்றும் ஏதோ ஒரு கல்லுக்கும்கூட இந்தப் பேர் வைத்திருப்பதாக மதுக்கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒரே வீட்டால் வந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ப் பள்ளி வாத்தியார் லாவரக்குக்கு இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். பனியில் வெளியே போக வழியில்லாமல் நாலு பேரும் உட்கார்ந்து எழுதித் தள்ளினார்கள். எழுதி முடித்த கையோடு இருமி இருமிச் செத்தும் போனார்கள். அன்றிலிருந்து உலகம் இந்த மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டே இருக்கிறது.

எட்னா லாவரக்குக்கு அந்தக் குடும்பத்தோடு எந்த ஒட்டும் கிடையாது. பிறந்தபோது அவள் பிக்கர்ஸ்கில். இறைச்சிக் கடைக்காரர் மகள். பஸ் ஓட்டும் க்ளெம் லாவரக்கைக் கட்டிக்கொண்டதால் அந்தப் பேர் வந்தது. க்ளெமுக்கும் அந்த எழுத்துக்காரர்களுக்கும்கூடச் சொந்தம் இல்லை. சொந்தமா என்று பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கேட்பார்கள், சட்டையில் குத்தியிருந்த பேர் வில்லையைப் பார்த்துவிட்டு.

"அவங்க எழுதினாங்க. நாங்க படிக்கல. அவ்வளவுதான் சம்பந்தம்," என்பான் க்ளெம். அப்படியும் விடாமல் அந்த வில்லையோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

எட்னாவுக்கு வேலை டாக்சி ஆபீஸில். வறுத்த மீன் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, ஒரு தொலைபேசி, ஒரு ரேடியோ, தலைமுடியிலிருந்து போகவே போகாத எண்ணெய் வாசனை. முப்பது வருஷம் அங்கே உட்கார்ந்து அவள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டாள் என்று சொல்லிவிடலாம்.

"லாவரக்குக்கு ஒரு வண்டி அனுப்புங்க."

"எந்த லாவரக், கண்ணு?"

"அதாங்க, அந்த எழுத்தாளருங்க லாவரக்."

"எழுதின வீடா, தங்கற வீடா, குடிக்கிற வீடா?"

பேரை உச்சரிக்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் நடுவில் இருக்கும் 'வ'வை விழுங்கி 'லாரக்' என்பார்கள். வெளியூர்க்காரர்கள் ஓர் எழுத்து விடாமல், சர்ச்சில் ஜெபம் சொல்வதுபோல், 'லா-வ-ரக்' என்பார்கள். 'லாரக்' என்றால் முதியோர் இல்லமோ மதுக்கடையோ. 'லா-வ-ரக்' என்றால் லாட்ஜ். இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால்தான் கேள்வி.

வீட்டுக்கு வந்தாலும் அதே கதை. அவர்கள் குடியிருந்த தெரு லாவரக் டெரஸ். தபால்காரர் கால் வலித்த அன்று எல்லா லாவரக்கையும் முதலில் வரும் லாவரக்கில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒருதடவை லாட்ஜில் நடக்கவிருந்த கல்யாணத்துக்கான கேக் மூன்றடுக்கில் இவர்கள் வாசலில் இறங்கியது. ஆள் வந்து எடுத்துப் போவதற்குள் க்ளெம் அதிலிருந்த சர்க்கரை ரோஜா ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். "லாவரக்னு எழுதியிருந்துச்சு, தின்னேன்," என்றான். அந்தப் பேரால் அவர்களுக்குக் கிடைத்த லாபம் அந்த ரோஜா ஒன்றுதான். பேரு பெத்த பேரு, தாகத்துக்கு மோர் இல்லை.

இதையெல்லாம் சிரிப்பாகவே வைத்துக்கொண்டு அவர்கள் காலத்தை ஓட்டியிருக்கலாம், அந்த ஜனவரி காலை வராமல் இருந்திருந்தால்.

க்ளெம் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே மேஜையில் சாய்ந்தான். எட்னா அவசர எண்ணை அழைத்தாள். அந்தப் பக்கம் ஓர் இளைஞன், பக்கத்து மாவட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருப்பவன், பொறுமையாகக் கேட்டான்.

"உங்க பேரு சொல்லுங்க."

"லாவரக்."

"எங்கேயிருந்து பேசறீங்க?"

"லாவரக்."

"பேரு எழுதிட்டேன்மா. இடம்?"

"ஹெதர்கில். லாவரக்னு சொல்றேன்ல." அதோடு போன் கையிலிருந்து நழுவிவிட்டது.

முப்பது வருஷம் எந்த லாவரக் என்று ஊரையே கேட்டவள், தன் முறை வந்தபோது டெரஸ் என்ற சொல்லைச் சொல்லாமல் விட்டாள். ஆம்புலன்ஸ் உச்சிக்கு ஏறி லாட்ஜ் வாசலில் நின்றது. விருந்தாளிகளுக்குக் காலை உணவு பொரித்துக்கொண்டிருந்த போலின் சட்க்ளிஃப், கையில் கரண்டியோடு கதவைத் திறந்து, இங்கே எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்றாள். அடுத்து ஒரு காட்டேஜ். பிறகு இன்னொரு காட்டேஜ். டெரஸ்ஸுக்கு வந்து சேர்ந்தபோது முட்டை ஆறிப்போயிருந்தது.

முன்பே வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார் டாக்டர். எட்னா அதை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. அதைப் பற்றி யோசிப்பதற்கே அவளுக்கு அலுப்பாக இருந்தது. துக்கத்துக்கு போலின் மாவுக்குள் இறைச்சி வைத்து ஒரு பெரிய பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கண் சிவந்திருந்தது. அவள் மேல் எட்னாவுக்குக் கோபம் இல்லை. ஒரு பேர் மேல் எப்படிக் கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை.

மூன்று வருஷம் போனது. எட்னாவின் முழங்கால் டெரஸ் வீட்டு மாடிப்படியோடு மல்லுக்கட்டிக் கட்டித் தோற்றது. பழைய கம்பளி ஆலை இருந்த காலி இடத்தில், படியேற முடியாதவர்களுக்காக ஆறு தரைத்தள வீடுகள் கட்டினார்கள். அதில் மூன்றாம் எண் அவளுக்கு ஒதுக்கப்பட்டது. வெந்நீர்க் குழாய், அகலக் கதவு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அவள் வாழ்நாளில் இவ்வளவு நல்ல வீட்டில் இருந்ததில்லை. ஒரே ஒரு குறை. வீடுகள் எழும்பி முடிந்த நேரத்தில், முட்டுச்சந்து என்ற அர்த்தத்தில் அந்த இடத்துக்கு லாவரக் க்ளோஸ் என்று பேர் வைக்க ஊர் மன்றம் யோசிப்பதாகச் செய்தி வந்தது.

அதைச் சொன்னது ஆரிஃப் மஹ்மூத். எட்னா ரேடியோவில் இருந்த காலம் முதல் அதே கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறவன். வாரச் சந்தைக்கு அவளை இன்னும் அவன்தான் கூட்டிப்போகிறான்.

"இன்னொண்ணா?" என்றாள் எட்னா.

"இன்னொண்ணு, ஆன்ட்டி. எங்க வீட்ல மஹ்மூத் பதினேழு பேரு. கல்யாணத்துல மஹ்மூத்னு யாராவது கூப்பிட்டா பாதிப் பந்தி எந்திரிக்கும். ஆனா எங்க பேர்ல தெரு வெக்க மாட்டேங்கிறாங்க பாருங்க."

எட்னா சிரிக்கவில்லை. "தனியாக் கெடக்கப்போறேன் அங்க. விழுந்தா எந்த லாவரக்குன்னு தேடுவாங்க?"

ஆரிஃப் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "மன்றத்துல போய்ச் சொல்லுங்க. யாரு வேணா பேசலாம்ல."

"நானா? ரேடியோல பேசினவ நான். மூஞ்சியப் பாத்துப் பேசினதில்ல."

ஆனாலும் போனாள். மெத்தடிஸ்ட் சேப்பலின் பின்னறையில் கூட்டம். தரை மெழுகு வாசனை, மூலையில் கொதிக்கும் தேநீர்ப் பானை. மன்றத் தலைவர் டென்னிஸ் ஹார்கிரீவ்ஸ், க்ளெமோடு ஒரே வகுப்பில் படித்தவர். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். அதை அளக்க அவர் மனைவியின் முட்டை வேகும் நேரம் பார்க்கும் மணற்கடிகாரத்தை மேஜையில் கவிழ்த்து வைப்பார். நாய்க் கழிவும் தெருவிளக்கும் பேசி முடிந்த பிறகு எட்னாவின் முறை வந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் எட்னா லாவரக்."

"எந்த லாவரக்?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அறையே சிரித்தது. எட்னாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது அவளுக்குப் பேச்சை இலகுவாக்கியது.

"பாத்தீங்களா, அதான் நான் சொல்ல வந்தது. மணலைக் கவுத்தாச்சா, டென்னிஸ்? சரி. புது வீட்டுக்கு அந்தப் பேர் வேண்டாம். அந்தப் பேர்ல ஆம்புலன்ஸ் மலையெல்லாம் சுத்திட்டு வந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஊர்ல வேற எதுக்கும் இல்லாத ஒரு பேர். எதுவா இருந்தாலும் சரி."

மன்ற உறுப்பினர் வரிசையில் இருந்த போலின் கையை உயர்த்தினாள். "எட்னா, உங்க வருத்தம் எனக்குத் தெரியாதா? அந்த வண்டி என் வாசல்லதானே நின்னுச்சு. இன்னைக்கும் மணி அடிச்சா எனக்குத் தூக்கிவாரிப் போடுது. ஆனா இந்த ஊர் சாப்பிடறது அந்தப் பேர்லதான். டெய்சி க்ளோஸ், லில்லி க்ளோஸ்னு வெச்சா யாரு திரும்பிப் பாப்பா?"

"யாரும் திரும்பிப் பாக்க வேண்டாம், போலின். வர வேண்டியவங்க நேரா வந்தாப் போதும்."

டென்னிஸ் மூக்கைச் சிந்தினார். மணல் இன்னும் பாதிதான் இறங்கியிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணு தோணுது," என்றார். "அந்த எழுத்துக்காரங்களுக்கு எத்தனையோ வெச்சாச்சு. மழையோ பனியோ, நாப்பது வருஷம் இந்த மேட்டுல நம்மள ஏத்தி இறக்கினவனுக்கு நாம ஒண்ணும் வெக்கல. எட்னா கேட்ட மாதிரி, ஊர்ல வேற எதுக்கும் இல்லாத பேர். க்ளெமென்ட் லாவரக் க்ளோஸ்."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். போலின் அழுதுகொண்டே தட்டினாள். பின்வரிசைக் குரல்காரன் எழுந்து நின்று தட்டினான். எட்னா வாயைத் திறந்தாள். அத்தனை நல்ல மனசுக்கு நடுவில் வேண்டாம் என்ற சொல் எப்படி வெளியே வரும்? "ரொம்ப நன்றி," என்றுவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வண்டியில் ஆரிஃப் காத்திருந்தான்.

"கைதட்டல் ரோடு வரைக்கும் கேட்டுச்சு. ஜெயிச்சுட்டீங்களா, ஆன்ட்டி?"

"ஜெயிச்ச மாதிரிதான் தட்டினாங்க."

"என்ன பேரு வெச்சாங்க?"

சொன்னாள். ஆரிஃப் சாவியிலிருந்து கையை எடுத்தான்.

"அதுல லாவரக் இருக்கே."

"இருக்கு."

"அதை எடுக்கத்தானே உள்ள போனீங்க?"

"ஆமா."

"இருந்ததை எடுக்கப் போயி, கூட ஒரு வார்த்தையும் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

எட்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இழுப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்வரை சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அலுப்பு மட்டும் மிச்சமாக மடியில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் நெடுநேரம் நாற்காலியில் இருந்தாள்.

விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். கடைக்குப் போன இடத்தில் எல்லாரும் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். க்ளெமுக்கு இது பெரிய மரியாதை என்றார்கள். மரியாதைதான். ஆனால் 'க்ளெமென்ட் லாவரக்' என்பதை அவசரத்தில் யாரும் முழுசாகச் சொல்லப்போவதில்லை. ஒரே மாசத்தில் முன்பாதி தேய்ந்து 'லாரக்'கில் வந்து நிற்கும். இந்த ஊர் எதைத் தேய்க்கும், எதை விழுங்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் டென்னிஸைத் தேடிப் போனாள். சேப்பலுக்குப் பின்னால், மன்றம் வாடகைக்கு விடும் காய்கறிப் பாத்திகளில் ஒன்று அவருடையது. மண்டியிட்டு லீக் என்ற வெங்காயத் தண்டுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"டென்னிஸ், கோவிச்சுக்காத. அந்தக் கடைசிப் பேரை எடுத்துடு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது உன் புருஷன் பேரு, எட்னா."

"பாதிப் பேரு ஊரோடது. மீதிதான் எனக்கு."

"அப்ப க்ளெமென்ட் க்ளோஸ்னு வெச்சிடலாமா?"

"க்ளெமென்ட்னு அவரைக் கூப்பிட்டது பாதிரியார் மட்டும்தான். ஞானஸ்நானத்துக்கு, கல்யாணத்துக்கு, அடக்கத்துக்கு. க்ளெம். க்ளெம் யார்டு. சுத்தி வீடு, நடுவுல முத்தம், அந்தக் காலத்து யார்டு மாதிரித்தானே கட்டியிருக்கீங்க?"

"பாதி எழுத்து உதிர்ந்து போன பலகை மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? இப்ப திரும்ப மன்றத்துல வெக்கணும். போலின் என்ன சொல்லுவா? எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க, எட்னா."

"அதனாலதான் சொல்லல. நீங்கல்லாம் கை தட்டிட்டு இருந்தீங்க."

டென்னிஸ் மண்வாரியைத் தரையில் குத்தினார். அவர் மனம் நொந்தது முகத்தில் தெரிந்தது. அந்த யோசனை அவருக்கு வந்த ஒரே அழகான யோசனை, அதுவும் பத்திரிகையில் வந்துவிட்டது. "வெச்சுப் பாக்கறேன்," என்றார். தேநீர் குடிக்கிறாயா என்று கேட்கவில்லை.

மறு கூட்டத்தில் கைதட்டல் இல்லை. நூலிழையில் நிறைவேறியது. நாலு நாள் கழித்துக் கடையில், ரொட்டி அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்ற போலின் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "கட்டினவன் பேரே கசக்குது போல சில பேருக்கு." எட்னா ரொட்டியை எடுத்துக் கூடையில் வைத்தாள். பதில் சொல்ல அவளிடம் ஒரு நல்ல வாக்கியம் இருந்தது. அதைச் சொல்வதற்கான தெம்புதான் இல்லை.

ஏப்ரலில் புது வீட்டுக்குக் குடிபோனாள். வாயிலில் பலகை மாட்டியிருந்தார்கள். க்ளெம் யார்டு. டென்னிஸ் சொன்னதுபோல், பாதி உதிர்ந்ததுபோல்தான் இருந்தது. லாவரக் தேடி வந்த ஒரு ஜோடி முதல் வாரமே அங்கே நின்று, க்ளெம் என்பது அந்தக் குடும்பம் வளர்த்த நாயா என்று கேட்டார்கள். பஸ் டிரைவர் என்றாள். ஓ என்றார்கள். படம் எடுக்காமல் போய்விட்டார்கள்.

முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அன்று, எட்னா தன் பழைய ஆபீஸுக்கே போன் செய்தாள். புதுப்பெண் ஒருத்தி எடுத்தாள்.

"மூணு, க்ளெம் யார்டு. ஒரு வண்டி, கண்ணு."

"எங்கேங்க? எழுத்து சொல்லுங்க."

சொன்னாள். விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது. "வரைபடத்துல இல்லையேங்க. புதுசா? பக்கத்துல லாவரக் ஏதாவது இருக்கா, சொன்னீங்கன்னா சுலபமா..."

"வேண்டாம்மா. ஆலை ரோட்டுல வந்து, பாலம் தாண்டி, முதல் இடது பக்கம். எழுதிக்கோ. வர்ற எல்லா டிரைவருக்கும் சொல்லு. ஆலை ரோடு, பாலம், இடது. திருப்பிச் சொல்லு பாப்போம்."

பெண் திருப்பிச் சொன்னாள். எட்னா இன்னொருதடவை சொல்ல வைத்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் அஞ்சல் நிலையத்துக்கும் டாக்டர் வீட்டுக்கும் அவள் இதே பாடத்தை ஏற்கெனவே நடத்தியிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் செய்த வேலை அது ஒன்றுதான். ரொம்ப அலுப்பான வேலை.

ஆரிஃப்தான் வந்தான். கதவைத் திறந்து, அவள் ஊன்றுகோலை வாங்கி உள்ளே வைத்தான்.

"வரைபடம் உங்களை ஆட்டு மந்தைக்கு நடுவுல காட்டுது, ஆன்ட்டி."

"சரியாயிடும்."

"ஒரு சந்தேகம் கேக்கட்டுமா? சண்டை போட்டீங்க, ஊர்ப்பகையத் தேடிக்கிட்டீங்க. டெய்சின்னோ லில்லின்னோ வெச்சிருந்தா யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. முதல் கூட்டத்துலயே முடிஞ்சு, வரைபடத்துலயும் இந்நேரம் ஏறியிருக்கும். ஏன் அவரு பேர்தான் வேணும்னு நின்னீங்க?"

எட்னா பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கொக்கி விழ இரண்டு முயற்சி ஆனது.

"அன்னைக்கு அந்தப் பையன் இடம் கேட்டான். எனக்கு வாயில வரல. முப்பது வருஷ வேலை, ஒண்ணும் வரல. போனைக் கீழ போட்டுட்டு அவரு பேரைத்தான் கத்திக்கிட்டு இருந்தேன். இனி நான் குளியலறையில விழுந்தா வாயில டெய்சின்னு வருமா, சொல்லு?"

ஆரிஃப் கதவைச் சாத்திவிட்டு வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தான்.

"என்ன வரும்னு எனக்குத் தெரியும். அதை அவங்க எழுதிக்கிட்டாப் போதும்," என்றாள் எட்னா. "வண்டிய எடுப்பா. டாக்டர் காத்திருக்க மாட்டார்."